பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையிலேயே கிளம்புங்கள்: கல்லூரியை நேரில் பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளைச் சேர்ப்பதற்காக ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனது ஒரு ஜூன் மாதம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து ரோஸ்மில்க் கொடுத்தார்கள். கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் ஆய்வகங்களுக்கு அழைத்துப் போனார். இயந்திரவியல் பட்டறையில், இரும்பைக் கடைந்தெடுக்கும் ஆறு லேத் இயந்திரங்கள் சீர்வரிசைப் பாத்திரம் போலப் பளபளவென்று நின்றன. என் கணவருக்கு அந்தப் பளபளப்பே போதுமானதாக இருந்தது. எனக்கும்தான். நான் பிளஸ் டூ கணக்கு ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கலந்தாய்வு யோசனை சொல்பவள். மாணவர்கள் தினமும் ஓட்டுகிற லேத் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மகள் சொன்னாள்: "அம்மா, அந்த ஆறில் மூன்றுக்குக் கரண்ட் இணைப்பே கிடையாது."

கல்லூரியைக் குறை சொல்வது எளிது. ஆனால் நாங்கள் போன மாதமே தவறு. மகன் படிக்கும் காலம் வந்தபோது அந்தத் தவறைத் திருத்திக்கொண்டோம். அப்போது கற்றதும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலைந்ததில் கற்றதும்தான் கீழே இருப்பவை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வை எதிர்நோக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரி தேடுவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஜூன் மாதத்தில் என்ன குறை?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் செமஸ்டர் ஏப்ரல், மே வாக்கில் தேர்வுகளோடு முடிகிறது. அதன்பின் விடுமுறை. பிளஸ் டூ முடிவுகள் வருவது மே மாதத்தில். கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது மே, ஜூனில். கலந்தாய்வு ஜூலையில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகச் செப்டம்பர் வரை இழுக்கும். ஆகவே பெற்றோர் கூட்டம் கல்லூரி வாசலில் நிற்கிற நாட்களில்தான் உள்ளே மாணவர்கள் இருப்பதில்லை. ஆசிரியர்களில் பலர் சேர்க்கைப் பணிக்குப் போயிருப்பார்கள். ஆய்வகம் பூட்டியிருக்கும், திறந்திருந்தால் நமக்காகத் திறந்திருக்கும். பெண் பார்க்கும் நாளில் வீட்டைப் பார்த்துவிட்டு, அந்த வீடு தினமும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புவதைப் போன்றது அது.

அமெரிக்காவில் இருக்கும் என் தோழியின் மகள் பதினோராம் வகுப்பு வசந்த விடுமுறையில் குடும்பத்தோடு நான்கு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே அது வழக்கம். நம்மூரில் 'காலேஜ் பார்க்கப் போகிறோம்' என்றால் பெரும்பாலும் பணம் கட்டப் போகிறோம் என்று பொருள்.

எந்த வகுப்பில், எந்த மாதத்தில்

பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்பது பாதி வழியை அப்போதே தீர்மானித்துவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டுப் பிறகு பி.இ. படிக்க வேண்டும் என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே பத்தாம் வகுப்பிலேயே ஒரே ஒரு முறை, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ அழைத்துப் போங்கள். தேர்ந்தெடுப்பதற்காக அல்ல, கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளையின் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கைச் சொல்லக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோ படித்தவர் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது இன்றைக்கும் பல வீடுகளுக்குத் தெரியாது.

உண்மையான தொடக்கம் பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கு விடுமுறை விடும்போது கல்லூரிகளில் செமஸ்டர் நடுவில் நிற்கும். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த முதல் சுற்றில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் மாலையே திரும்பக்கூடிய இரண்டு கல்லூரிகள் போதும்: ஒன்று அரசுக் கல்லூரி அல்லது பெயர்பெற்ற அரசு உதவி பெறும் கல்லூரி, மற்றொன்று சாதாரணத் தனியார் கல்லூரி. எங்களுக்கு அருப்புக்கோட்டை. அதனால் மதுரையில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியும், காரைக்குடியில் 1952இல் தொடங்கிய அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் முதல் பட்டியலில் வந்தன. கோவைக்காரர்களுக்கு 1945இல் பிறந்த அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைக்குமா என்பது பிறகு. நல்லது எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிட்டால், மற்றவற்றை அளக்க ஒரு படி கையில் கிடைத்துவிடும்.

பலர் அரையாண்டு விடுமுறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது வீண். டிசம்பர் கடைசியில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வோ விடுமுறையோ நடந்துகொண்டிருக்கும். வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

இரண்டாம் சுற்று, பிளஸ் ஒன் தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல் முதல் இரண்டு வாரங்கள். கல்லூரியில் அந்த செமஸ்டரின் கடைசி வகுப்புகள் ஓடும்; செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிற பரபரப்பு இருக்கும். உங்கள் பள்ளி ஏப்ரலிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் ரகம் என்றால் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுங்கள். கணக்கு ஆசிரியையாகச் சொல்கிறேன், ஒரு நாள் வகையீடு போனால் குடி முழுகாது. இந்தச் சுற்றில் கல்லூரியைவிடத் துறையைப் பாருங்கள். சிவில் என்றால் என்ன செய்கிறார்கள், இசிஇ என்கிற மின்னணு, தொடர்பியல் துறை ஆய்வகத்தில் மேசைமேல் என்ன இருக்கிறது என்று பிள்ளை தானே பார்க்கட்டும். என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே இல்லை என்றிருந்தவன். ஒரு மின்னியல் ஆய்வகத்தில் மோட்டார் சத்தம் கேட்டதிலிருந்து மெல்ல மாறினான்.

பிளஸ் டூவில் காலாண்டு விடுமுறைதான் எல்லை. வேலூர் விஐடி போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசுக் கலந்தாய்வுக்கு வெளியே தனி நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன. பிளஸ் டூ படிக்கும்போதே அவற்றின் விண்ணப்பம் வந்துவிடும். அந்த எண்ணம் இருந்தால் அக்டோபருக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு பொதுத்தேர்வு முடியும்வரை கல்லூரிப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதத்தில். நடுவில் ஏப்ரல் சும்மா கிடக்கிறது. வினாத்தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தால் கட்-ஆஃப் ஓரளவு தெரிந்துவிடும்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கல்லூரிகளில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். சேர்க்கைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்குக்கூட இரண்டு நாட்கள் ஒதுக்கலாம். ஐந்தாறு கல்லூரிகளைக் குறித்துக்கொண்டு இந்த மாதத்தில் பார்த்து முடிப்பதுதான் முழு வேலையின் மையம்.

பிளஸ் டூவுக்கு வந்த பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் வருந்த வேண்டாம். காலாண்டு விடுமுறையில் ஒன்று, ஏப்ரலில் நான்கு; போதும்.

அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு இதில் ஒரு பகுதி இலவசமாகவே நடக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ்ப் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். நானும் இரண்டு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்காகவும் பாட்டுக்காகவும் வருகிற பிள்ளைகள்தான் அதிகம். குறை சொல்லமாட்டேன், அந்த வயது அப்படி. ஆனாலும் கல்லூரிப் படியை வீட்டில் யாருமே மிதித்திராத பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் வாசல் பயத்தைப் போக்குகிறது. உங்கள் பள்ளியில் எப்போது என்று கேட்டு, அன்றைக்கு விடுப்பு எடுக்காமல் அனுப்புங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் கலந்தாய்வில் பங்கேற்கும் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆறாகக் குறைப்பதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, நம் கட்-ஆஃபுக்கு அங்கே இடம் வருமா? முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு எவ்வளவு கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆண்டை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். இரண்டாவது, அங்கே படிப்பவர்கள் தேறுகிறார்களா? செமஸ்டர் வாரியாகக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்துத் தாங்களே திருத்துபவை. எனவே அவற்றின் விழுக்காட்டையும் மற்றவற்றின் விழுக்காட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மூன்றாவது, என்பிஏ எனும் தேசிய அங்கீகார வாரியம் தரும் அங்கீகாரம். விளம்பரத் தட்டியில் நாக் (தேசிய மதிப்பீட்டு, தர அங்கீகாரக் குழு), என்பிஏ இரண்டையும் அருகருகே எழுதியிருப்பார்கள். நாக் கல்லூரி முழுமைக்குமானது. என்பிஏ தனித்தனித் துறைக்கானது. 'என்பிஏ பெற்ற கல்லூரி' என்றால் எந்தத் துறைக்கு, எந்த ஆண்டுவரை என்று கேட்க வேண்டும். சிவிலுக்கு வாங்கிய அங்கீகாரம் இசிஇ சேரும் பிள்ளைக்கு எந்த விதத்திலும் உதவாது.

இன்னொரு காகிதமும் உண்டு. கல்லூரியின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். நீங்கள் பார்க்கும் துறையின் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

கல்லூரியின் கலந்தாய்வு எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிண்டி வளாகத்துக்கு 1, குரோம்பேட்டை எம்ஐடிக்கு 4 என்பதுபோல ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண். ஒரே பெயரின் முன்னும் பின்னும் ஒரு சொல்லை மாற்றிவைத்த கல்லூரிகள் நம் மாநிலத்தில் ஏராளம். நேரில் பார்த்தது ஒன்று, விருப்பப் பட்டியலில் பதிந்தது வேறொன்று என்று தவித்த குடும்பம் எனக்குத் தெரியும்.

வாசலைக் கடப்பது

முகவரின் காரில் போகாதீர்கள். 'நானே கூட்டிப் போய் எல்லாம் காட்டுகிறேன், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை' என்று வருகிறவருக்குச் செலவை வேறொருவர் கொடுக்கிறார். என் தொழிலில் இருப்பவர்களிலும் அந்தப் பழக்கம் உள்ளவர்கள் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வேலை நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு, பஸ்ஸில் போய் இறங்குங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, பிள்ளைக்கு இன்ன துறையைக் காட்ட விரும்புகிறோம் என்று சொல்லுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நான்கு வரிக் கடிதம் வாங்கிப் போனால் இன்னும் எளிது. பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காவலாளி 'அட்மிஷன் இன்னும் ஆரம்பிக்கவில்லையே' என்பார். 'அட்மிஷனுக்கு இல்லை அண்ணே, துறைத் தலைவரைப் பார்க்க வந்திருக்கிறோம்' என்று சொல்லுங்கள். சேர்க்கை அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர். துறைத் தலைவரின் அறைக்குப் போனால் பிள்ளை மாணவன். இந்த வேறுபாடு நாள் முழுவதும் தெரியும்.

அனுமதி மறுத்தால்? சில கல்லூரிகள் மறுக்கும். தேர்வு நடக்கிறது, பாதுகாப்பு என்று நியாயமான காரணம் சொன்னால் வேறொரு நாள் கேளுங்கள். ஏப்ரலில் கதவைத் திறக்காமல், 'ஜூன் மாதம் வாருங்கள், எல்லாம் காட்டுகிறோம்' என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்காத பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாசலிலேயே நின்றுகொண்டு, பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பாதீர்கள். கழிப்பறை சுத்தமா, தண்ணீர் வருகிறதா, சமையல்கட்டு எப்படி, பெண் பிள்ளைகள் எந்த வழியாக விடுதிக்கு நடக்கிறார்கள் என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. ஒரு பெயிண்டர் அப்பா சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'இது போன வாரம் அடித்த வெள்ளை, உள்ளே ஓதம்' என்று சொன்னார். எனக்கு அது தெரிந்திருக்காது.

உள்ளே எதைப் பார்ப்பது

லேத்திலிருந்தே தொடங்குகிறேன். ஓடுகிற பட்டறையில் இயந்திரம் பளபளக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்; அடியில் உள்ள தட்டில் இரும்புச் சுருள்கள் கிடக்கும்; ஏதாவது ஓர் இயந்திரம் பழுதாகி, அதன்மேல் ஒரு சீட்டு தொங்கும். எல்லாமே சரியாக இருப்பதாகச் சொல்லும் பட்டறையைவிட அந்தச் சீட்டை நான் நம்புவேன். மகனுக்குக் கல்லூரி பார்க்கப் போனபோது மகளையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. லேத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்து, கறுத்த விரலைத் தம்பியிடம் காட்டிச் சிரித்தாள்.

மின்னியல், இசிஇ ஆய்வகங்களில் மேசை ஓரங்கள் தேய்ந்திருக்கிறதா, சாலிடர் சூட்டில் கருகிய புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினி ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் என்று கேட்காமல், எத்தனை ஓடுகின்றன என்று எண்ணுங்கள். ஆய்வக உதவியாளரிடம் பேச்சுக் கொடுங்கள். பல கல்லூரிகளில் உண்மை தெரிந்தவர் அவர்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் கேட்டால் சொல்வார். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தால் நடுவிலிருந்து ஒன்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒன்றாகத் தேதி போட்டுக் கையெழுத்தாகியிருக்கிறதா, இல்லை எல்லாம் ஒரே வாரத்தில் கையெழுத்தானவையா?

இப்போது அச்செடுத்த ஆசிரியர் பட்டியலை வெளியே எடுங்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளிப்படுத்தியது: ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தது; இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. இளநிலைப் படிப்பில் இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அந்த விதியைக் காகிதத்தில் நிறைவேற்ற, ஆளில்லாத பெயர்கள் தேவைப்படுகின்றன. ஆகவே துறையின் ஆசிரியர் அறைப் பக்கம் ஒருமுறை நடந்து வாருங்கள். பட்டியலில் இருபத்திரண்டு பெயர், அறையில் ஒன்பது மேசை என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். வகுப்புக்குப் போனவர்களும் விடுப்பில் இருப்பவர்களும் உண்டு, உண்மைதான். ஆனால் வகுப்புக்குப் போகிறவர் மேசையையும் கையோடு எடுத்துப் போவதில்லை.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதுப் பெயரில் தொடங்கிய துறைகளில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். யார் நடத்துகிறார்கள், அவர் இதற்கு முன் எந்தத் துறையில் இருந்தார் என்று துறைத் தலைவரிடமே மரியாதையாகக் கேட்கலாம். முதல் தொகுப்பு மாணவர்கள் வெளியே வந்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். துறையின் பெயர் எவ்வளவு புதிது என்பதைவிட, அதில் பாடம் எடுக்க ஆள் இருக்கிறதா என்பதே என் கவலை. அதனால்தான் கட்-ஆஃப் 160, 170 என்று நிற்கும் பிள்ளைகளிடம், ஆளில்லாத இடத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட ஆள் உள்ள இடத்து மின்னியல் மேல் என்று சொல்லிப் பெற்றோரிடம் திட்டு வாங்குகிறேன்.

நூலகத்தில் ஐந்து நிமிடம் போதும். ஏதாவது ஒரு பாடப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து, கடைசியாக எந்தத் தேதியில் முத்திரை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கணினியில் பதிவு செய்யும் நூலகம் என்றால் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டால் போதும்.

அறிவிப்புப் பலகையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அபராத அறிவிப்புகள் அதிகமா, போட்டிகள், கருத்தரங்குகள் பற்றிய தாள்கள் அதிகமா? கடைசியாக ஒட்டிய தாளின் தேதி என்ன? ஒரு கல்லூரிப் பலகையில் தாமதமாக வந்தால் அபராதம், தாடி வைத்தால் அபராதம், செல்பேசி வைத்திருந்தால் அபராதம் என்று மூன்று தாள்கள் இருந்தன. பாடம் சம்பந்தமாக ஒன்றுமில்லை.

வெளியே வந்து டீ குடியுங்கள்

கல்லூரிக்கு எதிரே டீக்கடை கட்டாயம் இருக்கும். அங்கே நிற்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பிள்ளை பேசட்டும். பெற்றோர் தள்ளி நில்லுங்கள். 'காலேஜ் நல்லா இருக்குமா அண்ணா?' என்று கேட்டால் 'சூப்பர் தம்பி' என்பார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. குறிப்பாகக் கேட்கவேண்டும். போன வாரம் எத்தனை லேப் நடந்தது? வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது? ஆசிரியர் பாதியில் விட்டுப்போனது உண்டா? உங்கள் துறை சீனியர்களில் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்?

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும்போது 'சேர்ந்தார்கள்' என்ற சொல் முக்கியம். ஒரு மாணவருக்கு மூன்று நிறுவனங்களின் கடிதம் வந்தால் மூன்று என்று எண்ணுகிற கல்லூரிகள் உண்டு. தகுதி பெற்றவர்களில் 95 விழுக்காடு என்பார்கள். அரியர் உள்ளவர்கள் அந்தத் தகுதிக் கணக்கிலேயே வரமாட்டார்கள். தட்டியில் சிரிக்கும் முகங்கள் எந்த ஆண்டு, எந்தத் துறை? உச்சச் சம்பளம் ஒருவருக்குத்தான். நடுவில் இருப்பவர் என்ன வாங்கினார் என்பதுதான் நமக்கு வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் மாணவிகளிடம் தனியாகப் பேச வழி செய்யுங்கள். விடுதியில் சாப்பாடு எப்படி, உடம்பு சரியில்லை என்றால் இரவில் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார், நூலகம் திறந்திருக்கும் நேரமும் விடுதிக் கதவு மூடும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்கட்டும். மாலை ஆறு மணிக்கே பெண்களை உள்ளே அடைத்துவிட்டு, ஆண்களுக்கு மட்டும் எட்டு மணிவரை ஆய்வகத்தைத் திறந்து வைக்கிற கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே கட்டணம்தான் கட்டுகிறார்கள். ராகிங் பற்றியும் கேட்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்யும் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. புகார்க் குழுவின் பெயர்ப் பலகை கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலிருந்து போய்வரப் போகிற பிள்ளை என்றால், கல்லூரி பஸ் வரும் நிறுத்தத்தில் ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். நேர்கோட்டில் அளந்தால் நாற்பது கிலோமீட்டர். பஸ் ஊர் ஊராகச் சுற்றி ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி இரவு ஏழரைக்கு வரும் பிள்ளை எப்போது படிக்கும்? என் மகளுக்கு அது நான்கு ஆண்டுகள் நடந்தது.

பணம்

கலந்தாய்வு வழியாகச் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் பஸ், விடுதி, சீருடை, புத்தகம், 'திறன் பயிற்சி' என்று பல பெயர்களில் வரும். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் மாணவர்களிடமே கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். நன்கொடை வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத எந்தப் பணத்தையும் கட்ட வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கும் 2021 முதல் இருக்கிறது. அதில் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த இடங்களில் சேர்ந்தவர்களிடம் தனியாக ஏதாவது வசூலிக்கிறார்களா என்பதை டீக்கடையில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

'இன்றே ஐயாயிரம் கட்டி இடத்தைப் பிடித்துவையுங்கள்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் அசல் சான்றிதழ்களை எடுத்தே போகாதீர்கள்.

கலை அறிவியல் கல்லூரி என்றால்

வேலை இன்னும் எளிது. கும்பகோணம் அரசுக் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப், மதுரை அமெரிக்கன் கல்லூரி என்று நூறாண்டு தாண்டிய வளாகங்கள் நம்மிடம் இருக்கின்றன. மரநிழலே பாதி பேசும். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு: பிள்ளை விரும்பும் பாடத்தில் நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை என்பது ஒன்று; வகுப்பு முதல் ஷிப்டா இரண்டாம் ஷிப்டா என்பது மற்றொன்று. அரசு உதவி பெறும் கல்லூரியில் அதே பாடத்துக்குச் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் பல மடங்கு வேறுபடும். சேர்க்கை பிளஸ் டூ முடிவு வந்தவுடன் தொடங்கிவிடும் என்பதால் ஏப்ரலைத் தவறவிட்டால் பிறகு நேரமே இல்லை.

நோட்டும் விருப்பப் பட்டியலும்

ஒவ்வொரு கல்லூரியையும் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போதே பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தால் எல்லாக் கல்லூரியும் ஒரே கல்லூரி ஆகிவிடும். தேதி, கலந்தாய்வு எண், பார்த்த துறை, பேசியவர்கள் சொன்ன ஒன்றிரண்டு வாக்கியங்கள், அதற்குக் கீழே 'இங்கே சேர்வேனா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை, வேறு வழியில்லை என்றால் சரி என்று மூன்றில் ஒரு பதில். நீங்கள் வேறு தாளில் உங்கள் பதிலை எழுதுங்கள். இரண்டையும் ஜூலைவரை ஒப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒப்பிட்டபோது, நான் முதலில் வைத்த கல்லூரிக்கு மகன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். காரணம்: 'வகுப்பில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.' ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதித்திருந்தார்கள். நான் அப்போது விடுதியைப் பார்க்கப் போயிருந்தேன்.

தரவரிசை வெளியானதும் விருப்பப் பட்டியலைப் பதிவுசெய்ய உங்கள் சுற்றில் சில நாட்கள்தான் கிடைக்கும். நோட்டு இருந்தால் அந்த நாட்களில் அலைய வேண்டியதில்லை. 'ஆம்' என்றவை மேலே, 'வேறு வழியில்லை என்றால்' கீழே, 'இல்லை' என்றவை பட்டியலிலேயே வேண்டாம். எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதற்காகப் பார்க்காத, கேள்விப்படாத பெயர்களை நிரப்பாதீர்கள். கணினி அதையும் உண்மையென்று எடுத்துக்கொண்டு அங்கேயே இடம் ஒதுக்கிவிடும். பட்டியலில் பார்க்காத கல்லூரி ஒன்றிரண்டு தவிர்க்க முடியாமல் வந்தால், ஜூலையில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள். ஜூன் போலவே அதுவும் கூட்ட நாள்தான். ஆனால் இதற்குள் ஐந்து கல்லூரிகளைப் பார்த்த கண் இருக்கிறது. வாழைமரத்தைத் தாண்டி நேராகப் பட்டறைக்குப் போகத் தெரியும்.

சேர்ந்த பிறகு மேல் சுற்றில் வேறு இடம் கிடைத்தாலோ, மனம் மாறினாலோ, ஏஐசிடிஇ குறிக்கும் கடைசித் தேதிக்கு முன் விலகுபவரிடம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தரவேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது. விலகல் கடிதத்தை இரண்டு படியாக எழுதி, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இல்லாத முத்திரையால் பயனில்லை. என் மகளின் தோழி ஒருத்தி அதற்காக மூன்று மாதம் நடந்தாள்.